நின்ற வண்டியின் எண்ணெய்

எங்கள் பாறைக்காட்டூரில் அர்த்தநாரியின் டிப்பர் லாரி மனிதர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தது ஓர் ஆவணி மாதப் புதன்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு என்று என்னால் நிமிஷம் பிசகாமல் சொல்ல முடியும், ஏனென்றால் அந்த நேரத்தில் வண்டி என் எடைமேடையின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது, என்னுடைய மிஷின் எடையோடு நேரத்தையும் சேர்த்துச் சீட்டில் அடித்துத் தருகிற மிஷின். மற்றவர்கள் அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது மேகம் கருத்தது என்பார்கள், எதிரே ஜல்லி உடைக்கிற கிரஷர் தானாக நின்றுபோனது என்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது, கிரஷர் ஓடியது, நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அர்த்தநாரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் பக்கத்தில் ஓர் ஆணைப் பார்த்தால் பேரைக் கேட்பதற்கு முன்னால் எந்த வண்டி ஓட்டுகிறாய் என்று கேட்பதுதான் வழக்கம், அப்படிப்பட்ட ஊரில் மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய், அந்தக் காலால் கிளட்சை மிதிக்க முடியாத ஒரே காரணத்துக்காக, இருபத்திரண்டு வருஷம் லாரி புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எந்த லாரி எந்த ஊருக்குப் போகிறது என்று பிறத்தியார் போகிற ஊர்களை எழுதிக்கொண்டிருந்தவன் அவன். எங்கோ ஒரு சுரங்கத்துக்காரர்கள் பழைய டிப்பர்களை ஏலம் விடுகிறார்கள், அவை ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள், கிளட்சே கிடையாது, கியரை வண்டியே போட்டுக்கொள்ளும், வலது கால் ஒன்று இருந்தால் போதும் என்று யாரோ சொல்ல, பெண்டாட்டி சிந்தாமணியைக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றை எடுத்து வந்தான். லைசென்ஸ் வாங்குவதற்கு மட்டும் இரண்டு வருஷம் அலைந்தான். நாற்பத்து மூன்று வயதில் அவன் முதல்முறையாக ஊருக்குள் உயரத்தில் உட்கார்ந்தபடி, தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமான முகத்தை எங்கள் ரோட்டில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இந்த வகை வண்டிக்கு ஒரு சுபாவம் உண்டு. எஞ்சின் ஓடும்போது கியரை டி என்கிற இடத்தில் வைத்து, பிரேக்கில் இருந்து காலை எடுத்தால், ஆக்சிலேட்டரைத் தொடாமலே மெல்ல முன்னால் நகரும். அந்தப் புதன்கிழமை அர்த்தநாரி எடை பார்த்து முடித்துக் கிளம்புகிற சமயத்தில், தீவனக்கடைக் குப்பண்ணன் வண்டிக்கு முன்னால் நின்று என்னிடம், "ஏனுங்க, தென்மூலையில போர் போடலாமுங்களா?" என்று கேட்டார். அர்த்தநாரி பிரேக்கில் இருந்து காலை எடுத்தான். வண்டி நகரவில்லை. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுந்திருக்கிறது, வண்டி நட்டுவைத்த கல்லாக நிற்கிறது. குப்பண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப வடமூலையில?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், வண்டி நகர்ந்து அவர் வேட்டியைத் தொட்டது. வடமூலையில் நூற்று நாற்பதடியில் தண்ணீர் பீச்சி அடித்தது. அவர் மச்சினர் வீம்புக்குத் தென்மூலையில் தொள்ளாயிரம் அடி இறக்கி ஊர் முழுக்கப் புழுதியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஊர் இதற்குப் பழகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் அதிசயப்பட்டு நேரத்தை வீணாக்குகிற ஜனங்கள் இல்லை, ஒரு பொருள் வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதை எப்படி வேலை வாங்குவது என்றுதான் யோசிப்பார்கள். ரோட்டில் வைத்துக் கேட்டால் சரிவில் உருண்டதா பதில் சொன்னதா என்று சண்டை வரும் என்பதால், ரசமட்டம் வைத்துப் போட்ட என் எடைமேடைதான் கேள்வி கேட்க நியாயமான இடம் என்று முடிவானது. எல்லாம் அர்த்தநாரியின் கால் செய்கிற தந்திரம் என்று ஒரு பேச்சு கிளம்பியபோது அவனை இறக்கிவிட்டு ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவரை ஏற்றி உட்காரவைத்துப் பார்த்தார்கள், அதே பதில்தான் வந்தது, பேச்சு அடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று கேள்வி, அமாவாசையன்று கேள்வி கிடையாது, கேட்கிறவர் பம்பருக்கு நான்கடி தள்ளி நிற்க வேண்டும், வண்டி நகர்ந்தால் ஆமாம், நின்றால் இல்லை. தலைமையாசிரியை திலகவதி டீச்சர் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, ஆமாம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேள்வியை எப்படி வெட்டிச் சரிசெய்வது என்று ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்தார், "என்ற மருமவ ஏன் இப்பிடி இருக்கறா?" என்று வந்தவர்களையெல்லாம் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்.

பாவம், பூசாரி மாயவன் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று. அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் எதற்கும் கருப்பணார் கோயிலில் பூக் கேட்பதுதான் முறை, வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் மடித்துப் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார். இப்போது அங்கே ஆளில்லை. அவர் மூன்று நாள் முறைத்துக்கொண்டு இருந்தார், நான்காம் நாள் ஒரு அரளி மாலையைக் கொண்டுவந்து வண்டியின் முகப்பில் கட்டிவிட்டு, வரிசையை ஒழுங்குபடுத்துகிற வேலையை எடுத்துக்கொண்டார்.

என் பங்குக்கு நான் சீட்டு அடித்துக் கொடுத்தேன். மேடையில் நின்ற வண்டிக்குச் சீட்டு அடிப்பது என் தொழில், அதற்கு மேல் எனக்கு இதில் ஒன்றும் இல்லை. வண்டி நகர்ந்தால் முன் சக்கரங்கள் மேடையை விட்டு இறங்கிவிடும், சீட்டில் எடை குறைந்து வரும், நின்றால் டேங்க் நிறைய டீசலோடு ஓட்டுகிறவன் மட்டும் உட்கார்ந்த காலி வண்டியின் முழு எடையான 11,620 கிலோ அப்படியே விழும். குறைந்த எண் விழுந்த சீட்டை ஜனங்கள் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்கள். 11,620 விழுந்த சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் கிழித்தார்கள், சிலர் மடித்து வைத்துக்கொண்டார்கள். அந்த எண்ணைச் சொன்னாலே முகம் சுருங்குகிற அளவுக்கு அது ஊருக்குள் பழகிப்போனது. பெண் கேட்டுப் போனவனிடம் பெண்வீட்டார் "பதினோராயிரத்து அறுநூத்தி இருவதுங்க" என்று சொல்லி அனுப்பியதும் உண்டு.

மடித்து வைத்துக்கொண்டவர்களில் ஒருத்தி வசந்தாமணி. கடைவீதியில் தையல் மிஷின் போட்டிருக்கிறவள், புருஷன் இல்லை, ஒரே மகள். அந்த மகள் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட, மூன்று வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்து, ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா வந்து பார்க்கட்டும் என்று ஆள் மூலம் சொல்லிவிட்டாள். வசந்தாமணி வரிசையில் நின்று, டீச்சர் சொன்னபடி கேள்வியைச் சுருக்கி, "நான் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். அர்த்தநாரி காலை எடுத்தான். வண்டி நின்றது. நான் சீட்டைக் கொடுத்தபோது அவள் அதைப் படிக்கவே இல்லை, நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்படியே மழை முடிந்தது, தை வந்தது, மாசி வந்தது. ஆரம்பத்தில் பெருமைப்பட்ட அர்த்தநாரிக்குப் போகப்போக முகம் மாறிக்கொண்டு வந்தது. காலையில் கேள்வி, அதற்குள் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். சாயங்காலம் லோடு எடுக்கலாம் என்றால் வெளியூரில் இருந்து வந்தவர்கள் காத்திருப்பார்கள். அவனாக முடியாது என்று சொல்லத் தெரியாதவன், இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டிருந்த கை அல்லவா. "ஏனுங்ணா," என்று ஒருநாள் என் அறைக்குள் வந்து உட்கார்ந்து சொன்னான், "வண்டி வாங்குனது ஓட்டறதுக்குங்ணா. இப்ப நான் மறுபடியும் பெஞ்சுல உக்காந்திருக்கறாப்பல இருக்குது. என்ன, பெஞ்சு கொஞ்சம் ஒசரம்." எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பங்குனியில் வண்டியின் பதிலில் ஒரு மாற்றம் தெரிந்தது. காலை எடுத்ததும் நகர்ந்த வண்டி, இப்போது நாலைந்து விநாடி யோசித்துவிட்டு, ஒரு குலுக்குக் குலுக்கி அப்புறம் நகர்ந்தது. ஊர் இதைப் பார்த்துப் பயப்படவில்லை, மரியாதை கூடிப்போனது. வண்டிக்கு அனுபவம் வந்துவிட்டது, முன்னே மாதிரிப் படக்கென்று சொல்வதில்லை, நிதானித்துச் சொல்கிறது என்றார்கள். மூன்று விநாடி தயங்கினால் முழுச் சம்மதம், ஆறு விநாடி தயங்கினால் கல்யாணத்தை ஆறு மாதம் தள்ளிப்போடு என்று பூசாரி அர்த்தம் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சமயத்தில்தான் அர்த்தநாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாக ஒரு லோடு ஜல்லி ஏற்றிக்கொண்டு போனான், சங்ககிரி மேட்டில் மூன்றாவது கியர் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை, எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை, பின்னால் வழுக்கத் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிந்தாமணி குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்துத்தான் வண்டியை நிறுத்தினாள்.

சவரிமுத்து என்கிற மெக்கானிக் வந்தார். சுரங்கத்து ஒர்க்ஷாப்பில் இந்த வகைக் கியர்பெட்டிகளோடு முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவர், அதிகம் பேசாதவர். கியர் எண்ணெய் அளவுபார்க்கிற கம்பியை உருவி, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டு, மோந்து பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் அது. தார் மாதிரி இருந்தது.

"எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சு?" என்றார்.

அர்த்தநாரி சொன்னான்.

"அவ்வளவு கொஞ்சம் ஓடினதுக்கு இப்படிக் கருகாது. என்ன பண்ணினீங்க?"

நடந்ததைச் சொன்னோம். அவர் வண்டி பதில் சொல்கிறது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கியரை டி-யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்தபடி எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். கேள்வி கேட்கிறவர் அழுது, மூக்கைச் சிந்தி, டீச்சர் திருத்தி, மறுபடி கேட்டு முடிக்கிற வரைக்கும் என்றான் அர்த்தநாரி, சில சமயம் அரை மணி ஆகும்.

"அங்கதான் வெந்துபோச்சு," என்றார் சவரிமுத்து. "போகச் சொல்லிட்டுப் புடிச்சு நிறுத்தினா உள்ள எண்ணெய்தான்ப்பா சூட்டை வாங்கிக்கும். இது ஓடின வண்டி எண்ணெய் இல்ல. நின்ன வண்டி எண்ணெய்."

பிறகு அவர் வழிகளைச் சொன்னார். அடியில் இருக்கிற நட்டைக் கழற்றினால் பாதி எண்ணெய்தான் விழும், மீதிப் பாதி உள்ளே மூலைமுடுக்குகளில் தங்கிவிடும், விழுந்த அளவுக்குப் புதுசை ஊற்றி ஓட்டிவிட்டு மறுபடி பாதியை இறக்கி மறுபடி ஊற்றலாம். இல்லையென்றால் கோயம்புத்தூரில் ஒரு மிஷின் இருக்கிறது, குழாயை மாட்டினால் பழசை மொத்தமாகத் தள்ளிவிட்டுப் புதுசை ஏற்றிவிடும், ஆனால் இத்தனை நாள் அழுக்கையே பிடிமானமாக வைத்துக்கொண்டு ஓடின பழைய பெட்டி, திடீரென்று எல்லாம் சுத்தமானால் பிடி விட்டுவிடலாம், விடாமலும் இருக்கலாம். மூன்றாவது, ஒன்றும் செய்யாமல் போகிற வரைக்கும் ஓட்டுவது, அதற்கு அவர் கணக்கில் ஒரு மாதம் ஆயுள். எதைச் செய்வது என்று கேட்டதற்கு, "வண்டி உங்களுது," என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பெட்டி போய்விட்டால் வேறொன்று வாங்க அர்த்தநாரிக்கு வழியில்லை, வேறு எந்த லாரியையும் அவன் காலால் ஓட்ட முடியாது. புக்கிங் ஆபீஸில் அவன் உட்கார்ந்த பெஞ்ச் இன்னும் காலியாகத்தான் கிடந்தது. இது அவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரிந்தும் ஊர் அவனுக்காகக் கூடவில்லை, எண்ணெய்க்காகக் கூடியது.

எடைமேடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒரு வைகாசிக் காலையில் கூட்டம் நடந்தது. மகளுக்கோ மகனுக்கோ ஆமாம் வாங்கியவர்கள் எண்ணெயைத் தொடவே கூடாது என்றார்கள். "என்ற புள்ள கல்யாணத்துக்கு ஆமான்னு சொன்னது இந்த எண்ணெயில ஓடுன வண்டிதானுங்க. நாளைக்கு அந்த எண்ணெயே இல்லீன்னா அந்த ஆமாவுக்கு ஆரு பொறுப்பு?" என்று ஓர் அம்மா எழுந்து கேட்டார், சவரிமுத்து தன் பெட்டியில் இருந்தபடியே, "நான் கியர் பாக்கறவன்ம்மா, கல்யாணம் பாக்கறவன் இல்ல," என்றார். பூசாரி மாயவன் முழுசையும் மாற்ற வேண்டும் என்று நின்றார், சாமிக்கே பழைய எண்ணெய்க்காப்பைத் துடைத்து எடுத்துவிட்டுத்தானே புதுசு சாத்துகிறோம் என்றார், அவருக்கு உள்ளுக்குள் வண்டி ஊமையாகிவிட்டால் பழையபடி பூக் கேட்க வருவார்கள் என்ற ஆசை இருந்ததை நாங்கள் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தோம். குப்பண்ணன் பாதி போதும் என்றார். "நம்ம செங்கோட்டு மலை மேல நிக்கற சாமியே பாதி ஆணு, பாதி பொண்ணுங்க. பாதிங்கறது நமக்கு ஆகி வந்த அளவு," என்று அவர் சொன்னதற்குக் கொஞ்சம் கைதட்டல்கூட விழுந்தது. இல்லை என்று பதில் வாங்கியவர்கள் எல்லோரும் முழுசையும் மாற்று என்று ஒரே குரலில் சொன்னார்கள், புது எண்ணெயில் புதுசாகக் கேட்டுப் பார்க்கலாமே. வசந்தாமணி கடைசியில் நின்றிருந்தாள், எந்தப் பக்கமும் பேசவில்லை.

மதியம் வரைக்கும் முடிவாகவில்லை. வண்டியையே கேட்டால் என்ன என்று யாரோ சொன்னார்கள். தன் எண்ணெயைப் பற்றித் தானே சொல்வது செல்லுமா என்று அரை மணி விவாதம் நடந்து, செல்லும் என்று ஆயிற்று. திலகவதி டீச்சர் மூன்று கேள்வியாக எழுதிக்கொண்டு பம்பருக்கு நான்கடி தள்ளி நின்றார்.

"முழு எண்ணெயையும் மாற்றட்டுமா?"

அர்த்தநாரி காலை எடுத்தான். பத்து விநாடி, இருபது விநாடி பார்த்தோம். வண்டி நின்றது.

"பாதி எண்ணெயை மாற்றட்டுமா?"

நின்றது.

"மாற்றாமலே விட்டுவிடட்டுமா?"

நின்றது. நான் மூன்று சீட்டு அடித்தேன், மூன்றிலும் 11,620.

முழுசும் வேண்டாம், பாதியும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம் என்றால் ஒரு மனுஷன் என்னதான் செய்வது. டீச்சர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கேள்வியில் பிழை இல்லை. அப்போது வண்டிக்குள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அர்த்தநாரி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். எஞ்சினை அணைத்தான். அந்த நிசப்தத்தில் அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"அதுக்குத் தெரியலீங்க."

"என்னடா தெரியல?" என்றார் பூசாரி.

"பதிலுங்க. தெரிஞ்சா நவுருது. தெரியலீன்னா நிக்குது. நின்னா இல்லைன்னு நாமளா வெச்சுக்கிட்டோம்."

"அப்பறம் இல்லைங்கறத எப்பிடித்தான் சொல்லும்?"

"இந்த ஒம்பது மாசத்துல ஒருக்கா கூடச் சொல்லவே இல்லீங்களாட்ட இருக்குது."

ஊர் இதையும் வாங்கிக்கொண்டது, ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் நேரம் பிடித்தது. வேண்டாம் என்று விட்ட பெண்ணும், வாங்காமல் விட்ட நிலமும், எழுதாமல் விட்ட பரீட்சையும், போடாமல் விட்ட வழக்கும், கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவர் முகத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றுவிட்டுப் போவதை நான் என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அடித்துக் கொடுத்த சீட்டெல்லாம் நான் அடித்தது என்பதால் என்னை யாராவது கேட்பார்களோ என்றுகூடப் பயந்தேன். சண்டை போட ஆளில்லாததால் யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். வசந்தாமணி மட்டும் முன்னால் வந்து, வண்டிக் கதவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்கும் தெரியலீன்னுதான் சொல்லுச்சா தம்பி?"

"அது எனக்குத் தெரியலீங்க்கா," என்றான் அவன்.

"அந்தக் குழந்தைக்கு ஏழு மாசம் ஆயிப்போச்சு. குப்புற விழுந்து தவழுதாம்," என்றாள். பிறகு, "லாரிய என்ன சொல்றது. எனக்குப் போறதுக்கு ரோசமா இருந்துச்சு. அது நின்னதும் அப்பாடான்னு இருந்துச்சு தம்பி," என்றாள். இதை அவள் அழாமல்தான் சொன்னாள்.

அர்த்தநாரி மெல்ல இறங்கி, இடது காலை இழுத்து வைத்துச் சவரிமுத்துவிடம் போனான்.

"பாதி மாத்துங்கண்ணே."

"யோசிச்சியா?"

"யோசிச்சேன். முழுசும் மாத்தறதுக்கும் பயமா இருக்குது, மாத்தாம வுடறதுக்கும் பயமா இருக்குது. பாதின்னா பயமும் பாதி."

சவரிமுத்து முதல்முறையாகச் சிரித்தார். "ஆனா ஒண்ணு. பாதி மாத்தினா வண்டி நிக்கக் கூடாது. லோடு வச்சு ஒரு நல்ல ஏத்தமா பார்த்து ஏறி எறங்கணும், அப்பதான் புதுசும் பழசும் கலக்கும். கலந்து வந்தா மறுபடி பாதி எறக்கறேன்."

"ஏறலீன்னா?"

"ஏறலேன்னா பெட்டி போச்சு."

அன்று சாயங்காலமே மேடையின் மேல் வைத்து நட்டைக் கழற்றினார். ஒன்பது மாதக் கேள்விகளும் வெந்த எண்ணெய் என்பதால் அதில் என்ன இருக்குமோ என்று ஊர் எட்டி எட்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. கறுப்பாக, கருகிய வாடையோடு, ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் விழுந்துகொண்டிருந்தது. இருந்தும் இரண்டு பேர் சின்னப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். விழுந்ததை லிட்டர் குவளையால் அளந்தார், பதினெட்டு. அளவு ஒரு சொட்டுக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று சொல்லி, ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்த புது எண்ணெயை அதே குவளையால் பதினெட்டு தடவை ஊற்றினார். பூசாரி மாயவன் வந்து முகப்பில் கட்டியிருந்த மாலையை அவிழ்த்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

மறுநாள் காலை ஓசூரில் ஒரு கட்டடத்துக்கு எம்-சாண்ட் லோடு. சேலத்தைத் தாண்டினால் தொப்பூர் கணவாய், எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லோரும் பயப்படுகிற மேடு. டேங்க் நிறைய டீசல் போட்டுக்கொண்டு, லோடு ஏற்றுவதற்கு முன்னால் காலி எடை பார்க்க வண்டியை மேடையில் ஏற்றினான். அவனுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் சிந்தாமணியுடையது. அன்று சிந்தாமணி கீழே நின்றாள், மேலே வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு துணிப்பை, கைவேலையாகத் தைத்த சின்னச் சின்ன உருப்படிகள், ராகி மாவு, செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய். சீட்டில் 11,690 விழுந்தது, அவளும் பையுமாக எழுபது கிலோ கூடுதல். வசந்தாமணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு கசங்கின சீட்டைக் கொடுத்தாள், ஐப்பசி மாதத்துச் சீட்டு, 11,620. "இத நீங்களே வெச்சுக்கோங்க," என்றாள். கிரஷரில் லோடு ஏற்றிக்கொண்டு மறுபடி எடை பார்த்து அவர்கள் கிளம்புகிறபோது, திலகவதி டீச்சர் பழக்க தோஷத்தில் வண்டிக்கு முன்னால் வந்து நின்று, "இந்த வண்டி தொப்பூர் ஏறுமா?" என்று ஆரம்பித்தார். அர்த்தநாரி ஹாரன் அடித்தான். டீச்சர் சட்டென்று ஒதுங்கினார்.

"ஏறுமா தம்பி?" என்று வசந்தாமணி உள்ளே கேட்டது எனக்குக் கேட்டது.

"தெரியலீங்க்கா," என்றான் அவன். சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான்.

அன்றைக்குப் போன் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. சிந்தாமணி என் அறை வாசலில் வந்து வந்து நின்றுவிட்டுப் போனாள். கருப்பணார் கோயிலில் பூக் கேட்டீர்களா என்று யாரோ கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கடைவீதியில் தையல் கடை பூட்டிக் கிடந்தது, ரவிக்கை கொடுத்திருந்தவர்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் மதியம், சங்ககிரிப் பக்கத்தில் இருந்து ஹாரன் சத்தம் கேட்டது, தேவையில்லாத இடத்திலெல்லாம் அடிக்கிற ஹாரன். காலியாகத் திரும்புகிற வண்டிக்கு எடை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் ஒன்பது மாதம் நின்ற பழக்கம், அது நேராக வந்து என் மேடையில் ஏறி நின்றது. "தொப்பூருல மூணாவது கியரு முக்கி முக்கித்தானுங்ணா விழுந்துச்சு, ஆனா விழுந்துருச்சு," என்று அர்த்தநாரி மேலே இருந்து கத்தினான். "போனு அங்கயே தண்ணித் தொட்டியில வுழுந்துருச்சு. சவரிமுத்தண்ணனுக்குச் சொல்லிவுடுங்க, மீதிப் பாதிய எறக்கோணும்." கண் சிவந்து, மூன்று நாள் தாடியோடு, மண்ணும் புழுதியுமாக இருந்தான். சிந்தாமணி ஓடிவந்து மேடைக்கு வெளியே நின்றபடி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் முகத்துக்கு மேல் நான் எதையும் கவனிக்கவில்லை, வண்டி மேடை ஏறினால் எண்ணைப் பார்ப்பதுதான் என் வழக்கம். எண்ணெய் அதே பதினெட்டுக்குப் பதினெட்டு, டீசலும் சங்ககிரி பெட்ரோல் பங்கில் நிரப்பியிருந்தான். மிஷின் சீட்டைத் துப்பியது. பிய்த்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், 11,620. எத்தனையோ பேருக்கு நான் என் கையால் கொடுத்த எண். முதல் தடவையாக அதை இரண்டு முறை படித்தேன், அப்புறம்தான் மறுபடி தலையைத் தூக்கிப் பார்த்தேன், பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.